வேல்ஸின் சின்ன மலைகளுக்கு மறுபடி ஒரு பெயர்ப் புத்தகம் வேண்டும்

பிரித்தானியாவின் தேசிய வரைபட நிறுவனமான ஆர்டினன்ஸ் சர்வேயில் வரைபடப் பெயர்களைப் பார்த்துக்கொள்ளும் மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு,

வணக்கம்.

1940இல் ஜெர்மன் விமானங்கள் சவுதாம்ப்டன் மீது குண்டு வீசியபோது அங்கிருந்த உங்கள் தலைமை அலுவலகமும் எரிந்தது. 19ஆம் நூற்றாண்டில் உங்கள் அளவையாளர்கள் வேல்ஸ் முழுக்க நடந்து எழுதிவைத்த பெயர்ப் புத்தகங்களில் பெரும்பகுதி அதோடு போயிற்று. இங்கிலாந்தின் பெரும்பாலான மாவட்டங்களுக்கும் அதே கதிதான். ஸ்காட்லாந்தின் புத்தகங்கள் மட்டும் தப்பிவிட்டன. இன்று யார் வேண்டுமானாலும் வீட்டில் உட்கார்ந்தபடியே அவற்றைப் புரட்டலாம். ஒரு குன்றோ, ஓடையோ, பண்ணையோ, அதன் பெயர் ஒரு பத்தியில் இருக்கும். அதை மக்கள் எப்படியெல்லாம் எழுதுகிறார்கள் என்பது அடுத்த பத்தியில். இதுதான் சரி என்று சொன்னவர் யார், எந்த ஊர்க்காரர் என்பது மூன்றாவதில். பிறகு அந்த இடத்தைப் பற்றி இரண்டொரு வரி. பாதிரியார், பள்ளி ஆசிரியர், நிலச்சொந்தக்காரர், குத்தகைக்காரர் என்று பெரும்பாலும் மூன்று பேரையாவது விசாரித்து எழுதியிருப்பார்கள்.

வேல்ஸுக்கு அப்படி யார் யாரைக் கேட்டீர்கள், அவர்கள் என்ன சொன்னார்கள் என்பது இனி தெரிய வழியில்லை. வரைபடத்தில் அச்சான முடிவு மட்டும் கையில் இருக்கிறது. அந்த முடிவுக்கு எப்படி வந்தீர்கள் என்பது இல்லை.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. வேல்ஸின் சின்ன மலைகளுக்காவது அந்தப் புத்தகத்தை மறுபடி எழுதத் தொடங்குங்கள். சொல்லக்கூடியவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

இதை ஆங்கிலத்தில் உங்கள் அலுவலகத்துக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். தமிழில் எழுதுவதற்குக் காரணம், லண்டன், பர்மிங்காம், கார்டிஃப் பக்கமிருந்து சனி ஞாயிறுகளில் இந்த மலைகளில் ஏற வரும் தமிழர்கள் இப்போது நிறைய. கைபேசிச் செயலியில் பாதையைப் பதிவேற்றும்போது மலையின் பெயரையும் அவர்கள்தான் தட்டச்சு செய்கிறார்கள். அவர்களும் இதைப் படிக்க வேண்டும்.

பெரிய மலைகளைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. ஸ்னோடன் என்று உலகம் சொல்லிவந்த சிகரத்தை அர் உய்த்வா என்றும், அந்தப் பகுதியை எரரி என்றும் அழைப்பதென 2022 நவம்பரில் தேசியப் பூங்கா நிர்வாகம் முடிவெடுத்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் ப்ரெகன் பீகன்ஸ் பூங்கா, பன்னாய் ப்ரஹெய்னியோக் ஆயிற்று. பத்திரிகைகளில் வந்தது, எதிர்த்தார்கள், ஆதரித்தார்கள், நடந்து முடிந்தது. அந்தப் பெயர்கள் தொலைந்துபோகும் நிலையில் என்றுமே இருந்ததில்லை. வேல்ஷ் மொழி பேசும் எல்லோருக்கும் அவை தெரியும்.

300 மீட்டர், 400 மீட்டர் உயரத்தில், ஆட்டு மந்தைக்கு மேலே முகடாக நிற்கும் குன்றின் நிலைமை வேறு. அதன் பெயரை அறிந்தவர்கள் அதன் அடியில் இருக்கும் இரண்டு மூன்று பண்ணைக் குடும்பங்கள். அவ்வளவுதான். அதற்குக் குழு கிடையாது, வாக்கெடுப்பு கிடையாது, பத்திரிகைச் செய்தி கிடையாது.

இந்தக் குன்றுகள் மீது வெளியுலகத்தின் கண் விழுந்தது மலைப் பட்டியல்களால். சுற்றியுள்ள நிலத்திலிருந்து குறைந்தது 30 மீட்டராவது தனித்து எழுந்து நிற்கும் ஒவ்வொரு மேட்டையும் கணக்கில் எடுக்கும் பட்டியல் ஒன்று உண்டு; பிரித்தானியா முழுக்க 17,000க்கு மேல் வருகிறது. அதைத் தொகுத்தவர்களின் உழைப்பை நான் மதிக்கிறேன். சொந்தக் காசில், விடுமுறை நாட்களில், வரைபடத்தின் உயரக்கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணிச் செய்த வேலை அது. ஆனால் பட்டியல் என்றால் ஒவ்வொரு வரிக்கும் ஒரு பெயர் வேண்டும். உங்கள் வரைபடத்தில் உச்சிக்குப் பக்கத்தில் பெயர் இல்லாதபோது அருகிலுள்ள பண்ணையின் பெயரையோ, காட்டின் பெயரையோ, ஓடையின் பெயரையோ எடுத்து மலைக்குச் சூட்டினார்கள். தற்காலிகமாகத்தான். அந்தத் தற்காலிகப் பெயர் இணையத்துக்குப் போனது, செயலிகளுக்குப் போனது, நடைப்பயணக் குறிப்புகளில் ஏறியது. இன்று அதைத் தேடினால் பத்து இடத்தில் வருகிறது. பத்து இடத்தில் இருப்பதால் உண்மைப் பெயர் போலவே தெரிகிறது. மலையடிவாரத்தில் இருப்பவர்கள் அதைக் கேள்விப்பட்டதே இல்லை.

வரைபடத்தில் பெயர் இருக்கும் இடத்திலும் சிக்கல் தீரவில்லை, இதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். வேல்ஸ் மேட்டுநிலத்தில் 'மனித்' என்று தொடங்கி ஒரு பண்ணைப் பெயரோடு முடியும் பெயர்கள் ஏராளம். மனித் என்றால் மலை என்று அகராதி சொல்லும். ஆனால் மேட்டுநில விவசாயி அந்தச் சொல்லைச் சொல்லும்போது, மலைச்சுவருக்கு மேலே வேலியில்லாமல் கிடக்கும் தன் மேய்ச்சல் பரப்பு முழுவதையும் நினைக்கிறார். இன்ன பண்ணையின் மனித் என்றால் அந்தப் பண்ணை ஆடுகள் மேயும் நிலம். உச்சி அதற்குள் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். உங்கள் எழுத்தர் அந்தச் சொற்களை வரைபடத்தில் இடம் கிடைத்த வெற்றிடத்தில் பொறித்தார். பட்டியல்காரர் அதை உச்சியின் பெயராகப் படித்தார். இருவர் மீதும் குற்றமில்லை. ஆனாலும் மலை தன் பெயரை இழந்துவிட்டது.

1936 முதல் நீங்கள் கட்டிய கான்கிரீட் அளவைத் தூண்கள், தவறான பெயர் மலைக்கு வந்து ஒட்டிய இன்னொரு வழி. பிரித்தானியா முழுக்க 6,500 வரை கட்டினீர்கள். ஒவ்வொன்றுக்கும் பதிவேட்டுக்காக ஒரு பெயர் தேவைப்பட்டது. பக்கத்துப் பண்ணையின் பெயரோ ஊரின் பெயரோ தூணுக்கு வைக்கப்பட்ட இடங்களில், பின்னால் வந்தவர்கள் தூணின் பெயரையே மலைக்கும் ஒட்டினார்கள்.

சரியான பெயரைக் கண்டுபிடிப்பது எப்படி இருக்கும் என்று ஓர் உதாரணம் சொல்கிறேன். நான் மேற்கு வேல்ஸின் கெரெடிகியோன் மாவட்டத்தில் வசிக்கிறேன். வேல்ஷ் மொழியை மாலை வகுப்பில் கற்றவன். மலையோரத்துப் பண்ணை ஒன்றில், சமையலறை மேசையில் உங்கள் ஆரஞ்சு அட்டை வரைபடத்தை விரித்து, ஒரு குன்றைத் தொட்டுக் காட்டி இதற்கு என்ன பெயர் என்று கேட்டேன். எண்பதை நெருங்கும் பெரியவர். மூக்குக் கண்ணாடியை மாட்டி வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போனார். விரலால் காட்டிக்கொண்டே சொல்ல ஆரம்பித்தார். அந்த வாயிற்கதவிலிருந்து சதுப்பு வரைக்கும் ஒரு பெயர். சதுப்புக்கு மேலே, செம்மறிகள் காற்றுக்கு ஒதுங்கும் பள்ளத்துக்கு ஒரு பெயர். பாறை துருத்திக்கொண்டிருக்கும் தோளுக்கு ஒன்று. உச்சிக்கு வந்தபோது, "அது அ வோய்ல்" என்றார். மொட்டைக் குன்று. அவ்வளவுதான். முன்னும் பின்னும் எந்த ஒட்டும் இல்லை. அவர்கள் வீட்டிலிருந்து பார்த்தால் மொட்டைக் குன்று அது ஒன்றுதானே.

அடுப்பருகே நின்றிருந்த அவர் தங்கை அப்போது குறுக்கிட்டார். அப்பா அப்படிச் சொல்லமாட்டார், அந்தப் பக்கத்துப் பண்ணைப் பெயரையும் சேர்த்துத்தான் சொல்வார் என்றார். ஆடுகளை வளைத்துக் கீழே இறக்கும் நாளில் நாலைந்து பண்ணையாட்கள் ஒன்றாக மலை ஏறும்போது, எந்த மொட்டைக் குன்று என்று தெளிவாகச் சொல்லாவிட்டால் நாய்க்காரர் தவறான பக்கம் போய்விடுவார். ஆகவே வீட்டுக்குள் ஒரு பெயர், மலையில் சற்று நீண்ட பெயர். இரண்டையும் எழுதிக்கொண்டேன். பட்டியலில் அந்தக் குன்றுக்குக் கீழே இருக்கும் ஊசியிலைக் காட்டின் பெயர் இருக்கிறது. அந்தக் காடு பெரியவர் சிறுவனாக இருந்தபோது நட்டது.

ஆவணங்களிலும் தேடத்தான் வேண்டும். 1836ஆம் ஆண்டுச் சட்டம் தேவாலயத்துக்குத் தானியமாகவும் கால்நடையாகவும் கொடுத்துவந்த தசமபாகத்தைப் பணமாக மாற்றியது. அதற்காகத் திருச்சபைப் பங்கு வாரியாக வரைபடம் போட்டு, நம்மூர் அடங்கலைப் போல ஒவ்வொரு புலத்துக்கும் எண் கொடுத்து, உரிமையாளர், பயிரிடுபவர், வயலின் பெயர், பரப்பு எல்லாம் பதிந்தார்கள். வேல்ஸின் தசமபாக வரைபடங்களை அபெரிஸ்ட்வித்தில் உள்ள தேசிய நூலகம் இணையத்தில் ஏற்றிவிட்டது. தன்னார்வலர்கள் எழுத்துக்கூட்டிப் பதிந்த பெரும்பணி அது. ஆனால் சின்ன மலையைத் தேடுபவருக்கு அதில் ஓர் இடர் உண்டு. வயல்களுக்குத்தான் எண் போட்டார்கள். பொது மேய்ச்சல் நிலமாக இருந்த உச்சி பல வரைபடங்களில் வெறும் வெள்ளைப் பரப்பு. சுற்றியுள்ள வயல்களின் பெயர்களிலிருந்து ஊகிக்க வேண்டும்: மலைச்சுவரை ஒட்டிய வயலின் பெயரில் அந்தக் குன்றின் பெயர் ஒளிந்திருக்கும். பெரிய எஸ்டேட்டுகளின் நிலப்படங்கள், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உங்கள் அளவையாளர்கள் கையால் வரைந்து இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் படங்கள், நூற்றாண்டின் பிற்பகுதியில் மைலுக்கு ஆறு அங்குலம் என்ற அளவில் வந்த வரைபடங்கள் என்று ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தால் சில பெயர்கள் துலங்கும்.

2016ஆம் ஆண்டு வேல்ஸ் சட்டமன்றம் இயற்றிய வரலாற்றுச் சூழல் சட்டத்தால் இடப்பெயர்களுக்கு ஒரு சட்டப்பூர்வப் பட்டியல் கிடைத்தது. பிரித்தானியாவில் அதற்கு முன் அப்படி ஒன்று இருந்ததில்லை. வேல்ஸின் பழஞ்சின்னங்களுக்கான அரச ஆணையம் அதைப் பராமரிக்கிறது. 2017இல் வெளியானபோதே 3 லட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள் இருந்தன. மிகவும் நல்ல காரியம். ஆனால் அது பழைய வரைபடங்களிலிருந்தும் ஏடுகளிலிருந்தும் எடுத்தது. எழுத்தில் ஏறாத பெயர் அதில் எப்படி வரும்? ஜன்னலோரம் நின்று பெரியவர் சொன்ன பெயர்களில் பாதிக்கும் மேல் நான் தேடிய எந்த ஏட்டிலும் இல்லை.

ஆகவே வாயால் கேட்க வேண்டும். வேல்ஸில் இது புதிய யோசனையே அல்ல. 1696இல் எட்வர்ட் ஹ்லூயிட் என்ற அறிஞர் 4,000 வினாத்தாள்களை அச்சடித்து, திருச்சபைப் பங்குக்கு மூன்று வீதம் வேல்ஸ் முழுக்க அனுப்பினார். அந்தந்த இடங்களைப் பற்றி அங்கிருப்பவர்கள் சொல்வதைச் சேகரித்தார். தொலைபேசியும் தபால்தலையும் இல்லாத காலம்.

சில முடிச்சுகளை மறைக்க விரும்பவில்லை. ஒரே முகட்டில் மூன்று பண்ணைகளின் மேய்ச்சல் நிலம் சந்தித்தால் மூன்று பக்கமிருந்தும் மூன்று பெயர் வரலாம். இதில் எது சரி என்று நீங்கள் தீர்ப்பு சொல்ல வேண்டாம் என்பது என் எண்ணம். மூன்றையும் எழுதுங்கள், எந்தப் பக்கத்தார் சொன்னது என்பதோடு. எழுத்துக்கூட்டலும் அப்படித்தான். வடமேற்கில் கார்னெதாய் என்று எழுதப்படும் மலைத்தொடரை அங்குள்ளவர்கள் கார்னெதா என்பார்கள். தெற்கே மோய்ல் (மொட்டைக் குன்று; பெரியவர் சொன்ன வோய்ல் இதன் திரிந்த வடிவம்) என்பதில் உள்ள இரட்டை ஒலி ஒற்றை நெடிலாக நீளும். ப்ரெசெலி மலைகளில் மூன்று கற்குவியல்கள் உள்ள 363 மீட்டர்க் குன்றை மோய்ல் ட்ரிகார்ன் என்றும் வோய்ல் த்ரகார்ன் என்றும் எழுதியிருக்கிறார்கள். இரண்டாவது ஊர்வாய்க்கு நெருக்கமானது. அச்சில் தரப்படுத்திய எழுத்து இருக்கட்டும், பக்கத்தில் ஒலிப்பதிவு இருக்கட்டும். பத்து விநாடி போதும்.

உள்ளூர்ப் பெயர் என்றாலே சுத்தமான வேல்ஷ் பெயர் என்று யாராவது நினைத்தால் அதையும் ஏற்கமாட்டேன். ராட்னர்ஷயரின் மிக உயர்ந்த இடம் கிரேட் ரோஸ், பாதி ஆங்கிலம், பாதி வேல்ஷ். அங்கே மக்கள் தலைமுறைகளாக ஆங்கிலம் பேசுகிறார்கள். அவர்கள் பெயரும் ஊர்ப் பெயரே. அதை மொழிபெயர்த்து வேல்ஷாக்குவதும் ஒரு வகையில் புதுப்பெயர் சூட்டுவதுதான். 2009இல் கார்னெத் உகாவ் என்ற சிகரம் கார்னெத் க்வென்லியன் ஆனது. கைக்குழந்தையாக இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்டு, கன்னிமாடத்திலேயே வாழ்ந்து 1337இல் இறந்த வேல்ஸ் இளவரசியின் நினைவாக. அதைக் கேட்டவர்களின் உணர்வு எனக்குப் புரிகிறது, அந்தப் பெயரை நானும் சொல்கிறேன். ஆனால் அது நினைவுச்சின்னம் எழுப்பும் வேலை. மலையடிவாரத்தில் வழங்கும் பெயரைக் கேட்டுப் பதிவது வேறு வேலை. இரண்டையும் ஒரே படிவத்தில் நீங்கள் கையாளக் கூடாது.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு எரரியில் ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. க்ளடெர் வாவ்ர் மலையின் வடபுறத்தில், பாறை ஏறுபவர்கள் பெயரற்ற பள்ளம் என்று தலைமுறைகளாகச் சொல்லிவந்த இடம். அதன் பெயர் கும் க்னெய்வியோன். ஆட்டின் கத்தரித்த ரோமத்தைக் குறிக்கும் பெயர், ஆடு மேய்த்தவர்கள் வைத்தது. பெயரற்றது என்று எழுதியவர்கள் யாரையும் கேட்கவில்லை. அபெரிஸ்ட்வித்தில் கடற்கரைச் சாலையின் வடமுனையில் நிற்கும் க்ரைக் க்லைஸ், 1896இல் ரயில் ஓடத் தொடங்கிய சரிவோடு, சுற்றுலாப் பயணிக்கு கான்ஸ்டிட்யூஷன் ஹில். கான்வி நகரின் மனித் அ த்ரேவ், வருகிறவர்களுக்குக் கான்வி மவுன்டன். இவையாவது ஊர் பக்கத்தில் இருப்பதால் பிழைத்தன. ஊரே இல்லாத குன்றுகளுக்கு யார் இருக்கிறார்கள்?

எபிண்ட் மேட்டுநிலத்தை நினைத்துப் பாருங்கள். 1940இல், உங்கள் பெயர்ப் புத்தகங்கள் எரிந்த அதே ஆண்டில், ராணுவப் பயிற்சிக்காக அங்கிருந்த 54 வீடுகளிலிருந்து 219 பேரை வெளியேற்றினார்கள். அந்தப் பரப்பின் ஒவ்வொரு மேட்டுக்கும் பெயர் சொல்லக்கூடியவர்கள் ஒரே ஆண்டில் சிதறிப்போனார்கள். மற்ற இடங்களில் இது மெதுவாக நடக்கிறது. பக்கத்துப் பண்ணை விலைக்கு வந்தால் பெரிய பண்ணை வாங்கிச் சேர்த்துக்கொள்கிறது, வீடு விடுமுறை வாடகைக்குப் போகிறது. நிலத்தில் ஊசியிலை மரம் நடுகிறார்கள். ஆடுகளை இறக்க முன்பு பத்துப் பேர் நடந்த இடத்தில் இன்று நாலு சக்கர பைக்கில் இரண்டு பேர். இரண்டு பேருக்குள் பேச்சு குறைவு. பேச்சு குறைந்தால் பெயர் புழங்க இடமில்லை. 1911இல் வேல்ஸ் மக்களில் 43.5 சதவீதம் பேர் வேல்ஷ் பேசினார்கள். 2021 கணக்கெடுப்பில் 17.8. மொழியை மீட்க வகுப்புகளும் பள்ளிகளும் இருக்கின்றன, அவற்றில் நானும் பயன்பெற்றேன். ஆனால் எந்த வகுப்பிலும் இந்தக் குன்றுகளின் பெயர்களைச் சொல்லித்தர முடியாது. ஆசிரியருக்கே தெரியாது.

இப்போது என் வேண்டுகோளை விவரமாகச் சொல்கிறேன். வேல்ஸின் மேட்டுநிலத்தில் ஒரு திருச்சபைப் பங்கை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பத்திகளையே வைத்து ஒரு மின்படிவம் போடுங்கள்: பெயர், வேறு வடிவங்கள், சொன்னவர் எந்தப் பக்கத்துப் பண்ணையைச் சேர்ந்தவர், எத்தனை ஆண்டு அந்த நிலத்தில் இருந்தவர், பெயர் உச்சிக்கா சரிவுக்கா முழு மேய்ச்சலுக்கா. கூட ஒலிப்பதிவும் தேதியும். அரச ஆணையம், தேசிய நூலகம், 2010 முதல் இயங்கும் வேல்ஸ் இடப்பெயர்ச் சங்கம் ஆகியவற்றோடு சேர்ந்து செய்யுங்கள். சரிபார்க்கத் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். விசாரிக்கப் போகிறவருக்கு வேல்ஷ் தெரிந்திருக்க வேண்டும், அல்லது தெரிந்தவரைக் கூட்டிப்போக வேண்டும். வரைபடத்தைக் காட்டி "இதுதானே பெயர்" என்று கேட்கக் கூடாது. அப்படிக் கேட்டால் மரியாதைக்காகவே ஆமாம் என்பார்கள். கால்நடைச் சந்தை நாளில் ட்ரெகாரனில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்தாலே பாதி வேலை நடக்கும். குட்டி ஈனும் பருவத்தில் மட்டும் பண்ணைப் பக்கம் போகாதீர்கள், மார்ச், ஏப்ரலில் அவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது.

கிடைக்கும் பெயர்களை எல்லாம் அச்சு வரைபடத்தில் போட இடமில்லை என்று சொல்வீர்கள். அதைக் கேட்கவில்லை. முதலில் பதிவு இருக்கட்டும், திறந்த தரவாக இருக்கட்டும். பட்டியல் தொகுப்பவர்களும் செயலி நடத்துபவர்களும் அங்கிருந்து எடுத்துக்கொள்வார்கள். சரியான பெயர் கிடைத்தால் மாற்ற மாட்டோம் என்று சொல்லும் ஒருவரையும் நான் இதுவரை பார்த்ததில்லை.

நடக்க வரும் தமிழ் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. பெயர் தெரியாத உச்சியில் நின்றால் ஆயத்தொலைவு எண்ணையும் உயரத்தையும் மட்டும் பதிவிடுங்கள், நீங்களாக ஒரு பெயரை இடாதீர்கள். இறங்கும் வழியில் முற்றத்தில் யாராவது இருந்தால் நின்று வணக்கம் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலும் மகிழ்ந்து சொல்வார்கள்.

நான் இதுவரை கேட்டு எழுதியவை, சொன்னவர்களின் சம்மதத்தோடு, மூன்று குறிப்பேடுகளிலும் ஒலிக்கோப்புகளிலும் இருக்கின்றன. எந்த வடிவத்தில் வேண்டுமோ அந்த வடிவத்தில் தருகிறேன். அடுத்த குளிர்காலத்தில் உங்கள் ஆள் ஒருவர் வந்தால் அந்தப் பண்ணைகளுக்கெல்லாம் நானே அழைத்துப் போகிறேன். தை மாதத்துக்கு முன் பதில் எழுதினால், சந்தை நாட்களைப் பார்த்துத் தேதி சொல்கிறேன்.

இப்படிக்கு,
கெரெடிகியோனில் வசிக்கும் ஒரு தமிழ் மலைநடையர்